கார் வாஷில் எல்லா மோட்டாருக்கும் டிரைவ் மாட்டினால் மின்கட்டணம் பாதியாகுமா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். கன்வேயர் வைத்த கார் வாஷ் நடத்துகிறீர்கள். கடைசிக் கட்டத்தில் காரை உலர்த்த எட்டு ப்ளோயர்கள், ஒவ்வொன்றும் 7.5 கிலோவாட். பக்கத்தில் வாடிக்கையாளர்களே கழுவிக்கொள்ளும் சில தடுப்புகள் (தனித்தனியாகப் பிரித்த இடங்கள்), அவற்றுக்கு உயர் அழுத்த பம்புகள். அப்புறம் ஒரு பொது வாக்குவம், ஒரு கம்ப்ரசர், பிரஷ்களுக்கும் கன்வேயருக்கும் சின்ன மோட்டார்கள். “எல்லாவற்றிலும் வி.எஃப்.டி. மாட்டுங்கள், கரன்ட் பில் பாதியாகிவிடும்” என்று ஒருவர் விலைப்பட்டியல் கொடுத்திருக்கிறார். வி.எஃப்.டி. என்பதும் டிரைவ் என்பதும் ஒன்றுதான்: மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் ஹெர்ட்ஸை (அதிர்வெண்ணை) மாற்றி அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி. அது உண்மையா என்பது உங்கள் கேள்வி. ஆனால் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, எந்த மோட்டாரில் மாட்டினால் பணம் திரும்பி வரும், அதைப் பணம் போடுவதற்கு முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் என்று நினைக்கிறேன். அதற்கே பதில் சொல்கிறேன்.

பல வருடங்களாக ஃபேன், பம்ப் மோட்டார்களுக்கு டிரைவ் மாட்டி ஓட்டிக்கொடுக்கும் வேலை செய்கிறேன். கார் வாஷ்களும் அதில் உண்டு. சுருக்கமாகச் சொன்னால், உங்கள் இடத்தில் செலவு பாதியாகக் குறையக்கூடிய மோட்டார்களும் இருக்கின்றன, ஒரு யூனிட்கூடக் குறையாத மோட்டார்களும் இருக்கின்றன, டிரைவ் மாட்டியதால் செலவு கொஞ்சம் கூடக்கூடிய மோட்டார்களும் இருக்கின்றன. டிரைவ் என்ற பெட்டி தானாக எதையும் மிச்சம் பிடிப்பதில்லை. மோட்டாரை மெதுவாக ஓட்ட வழி செய்கிறது, அவ்வளவுதான். மெதுவாக ஓட்டுவதற்கு இடமில்லாத மோட்டாரில் அது வெறும் இன்னொரு கருவி. தன் வழியாகப் போகும் மின்சாரத்தில் 2 முதல் 5 சதவீதத்தை அது வெப்பமாக்கிவிடும்.

மெதுவாக ஓட்டினால் ஏன் இவ்வளவு மிச்சம் என்பதற்கு ஃபேன் விதிதான் காரணம். ஃபேனின் வேகத்தைக் குறைத்தால் காற்றின் அளவு அதே விகிதத்தில் குறைகிறது. அழுத்தம் வேகத்தின் இருமடிப்படி குறைகிறது. தேவைப்படும் சக்தியோ மும்மடிப்படி குறைகிறது. 80 சதவீத வேகத்தில் ஓடும் ஃபேனுக்கு முழுச் சக்தியில் 51 சதவீதம் போதும். பாதி வேகத்தில் எட்டில் ஒரு பங்கு. இந்தக் கணக்கைத்தான் விற்பனையாளர்கள் எல்லாரும் காட்டுவார்கள். கணக்கு சரிதான், ஆனால் ஒரு நிபந்தனையோடு சரி. காற்றோ தண்ணீரோ வெளியேறும் வழியில் உராய்வைத் தவிர வேறு எதிர்ப்பு இருக்கக்கூடாது. உங்கள் ப்ளோயர் காற்றை நாசில் வழியாக வெட்டவெளியில் ஊதுகிறது, எதிரே நிலையான அழுத்தம் எதுவும் இல்லை. அதனால் அங்கே மும்மடி விதி ஏறக்குறைய அப்படியே பொருந்தும். தண்ணீரை உயரத்துக்கு ஏற்றும் பம்புக்கும், 4 பார் அழுத்தத்தை எப்போதும் விடாமல் பிடிக்க வேண்டிய பூஸ்டர் பம்புக்கும் பொருந்தாது. அந்த பம்பை 50 ஹெர்ட்ஸிலிருந்து, அதாவது முழு வேகத்திலிருந்து, பாதிக்கு இறக்கினால் அழுத்தம் கால்பங்காகிவிடும், தண்ணீரே வராது. அங்கே இறக்க முடிவது கொஞ்சம்தான், மிச்சமும் அதற்கேற்றபடிதான்.

எனவே முதலில் ப்ளோயர்களைப் பாருங்கள். கன்வேயர் வாஷில் பெரும்பாலும் மொத்த மோட்டார் சுமையில் பெரிய பங்கு உலர்த்தும் ப்ளோயர்களுடையதுதான். எட்டு ப்ளோயர் என்றால் மோட்டார்களின் சுழலும் தண்டில் 60 கிலோவாட். மோட்டார் திறன் 90 சதவீதம் என்று வைத்தால் மீட்டரில் சுமார் 67 கிலோவாட். இதில் வீணாவது எப்போது? கார் அடியில் நிற்கும்போது அல்ல, ஒரு கார் போய் அடுத்த கார் வரும் வரைக்கும்தான். பல இடங்களில் காலையில் ப்ளோயரைப் போட்டால் இரவில்தான் அணைக்கிறார்கள். ஆளில்லாத அறையில் ஓடும் விசிறி மாதிரி, 67 கிலோவாட் வெறும் தரையை ஊதிக்கொண்டிருக்கும்.

“அணைத்து அணைத்துப் போடலாமே” என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். நேரடி ஸ்டார்ட்டரில் மோட்டார் கிளம்பும்போது முழுச் சுமைக் கரன்டைப்போல் 6 முதல் 8 மடங்கு இழுக்கும். ப்ளோயர் சக்கரம் கனமானது, வேகம் பிடிக்கச் சில வினாடிகள் ஆகும், அந்த நேரம் முழுக்க வைண்டிங் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) சூடாகும். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை ஸ்டார்ட் செய்யலாம் என்று மோட்டார் தயாரிப்பாளர் வரம்பு கொடுத்திருப்பார். ஒவ்வொரு காருக்கும் அணைத்துப் போட்டால் அந்த வரம்பை ஒரு பரபரப்பான காலையிலேயே தாண்டிவிடுவீர்கள். மோட்டார் கருகும், அதைப் போட்டு அணைக்கும் கான்டாக்டர் சுவிட்சின் முனைகள் தேயும். அதனால்தான் ஓடவே விட்டுவிடுகிறார்கள். டிரைவ் இருந்தால் இந்தத் தடை இல்லை. கரன்ட் முழுச் சுமை அளவைத் தாண்டாமலே வேகத்தை ஏற்றி இறக்கலாம். கார் இல்லாதபோது 20 அல்லது 25 ஹெர்ட்ஸில் உருளவிட்டு, கார் வரும்போது 50க்கு ஏற்றினால் போதும். உங்கள் நாட்டில் 60 ஹெர்ட்ஸ் என்றால் அதே விகிதத்தில் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

எண்களில் பார்ப்போம். கடை 10 மணி நேரம் திறந்திருக்கிறது, அதில் ப்ளோயருக்கு அடியில் கார் இருப்பது மொத்தம் 4 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது நாள் முழுக்க ஓடினால் 670 யூனிட். டிரைவ் மாட்டிய பிறகு முழு வேகத்தில் டிரைவ் இழப்பையும் சேர்த்து 69 கிலோவாட், 4 மணி நேரத்துக்கு 276 யூனிட். மீதி 6 மணி நேரம் பாதி வேகம். விதிப்படி தண்டில் 7.5 கிலோவாட்தான். ஆனால் குறைந்த சுமையில் மோட்டாரின் திறனும் டிரைவின் திறனும் விழும், அதனால் 12 கிலோவாட் என்று தாராளமாகவே வைக்கிறேன், 72 யூனிட். மொத்தம் 348. ஏறக்குறைய பாதி மிச்சம், ஆக விற்பனையாளர் சொன்னது ப்ளோயர் விஷயத்தில் பொய்யில்லை.

ஆனால் இப்போதே உங்கள் கன்ட்ரோலர், சில நிமிடம் கார் வராவிட்டால் ப்ளோயரை நிறுத்திவிடுகிறது என்றால் கதை மாறும். அந்த 6 மணி நேரத்தில் 4 மணி நேரம் ஏற்கெனவே நின்றுதான் இருக்கிறது, 2 மணி நேரம் மட்டுமே வெட்டியாக ஓடுகிறது என்று வையுங்கள். இப்போதைய செலவு 402 யூனிட். அந்த 4 மணி நேரம் டிரைவோடும் நின்றே இருந்தால், 276ஓடு 2 மணி நேரத்துக்கு 24 சேர்த்து 300 யூனிட். மிச்சம் பாதியல்ல, கால்பங்கு. கார்கள் இடைவெளியே இல்லாமல் வரும் நாளில் 670 யூனிட் 690 ஆகும், அதாவது கூடும். மூன்றுமே ஒரே இயந்திரம், ஒரே டிரைவ்தான். மாறுவது கார் வரும் விதமும், இதுவரை நீங்கள் ப்ளோயரை ஓட்டிவந்த விதமும். உங்கள் இடத்தைப் பார்க்காமல் ஒருவர் சதவீதம் சொன்னால், இதில் எந்த நிலையை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். நானும் அதே காரணத்தால்தான் உங்களுக்கு ஒரே எண்ணாகச் சொல்லாமல் மூன்று கணக்காகப் போட்டுக் காட்டுகிறேன். சில ப்ளோயர்களில் கார் இல்லாதபோது காற்று உள்ளே வரும் வாயை மூடும் டேம்பர் இருக்கும். மூடினால் மோட்டார் சுமை கணிசமாக இறங்கும். உங்களிடம் அது இருந்து ஒழுங்காக வேலை செய்தால், டிரைவின் மிச்சத்தில் ஒரு பகுதியை ஏற்கெனவே அனுபவித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

டிரைவ் மாட்டியும் மிச்சம் வராத ப்ளோயர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் குறை செட்டிங்கில்தான் இருக்கும். கனமான சக்கரம் 25லிருந்து 50 ஹெர்ட்ஸுக்கு ஏறச் சில வினாடிகள் ஆகும். கார் நாசிலுக்கு அடியில் வந்த பிறகு சிக்னல் கொடுத்தால் முன்பக்க பானெட் ஈரமாகவே போய்விடும். வாடிக்கையாளர் குறை சொல்வார், ஊழியர் பேனலில் “மேனுவல், 50 ஹெர்ட்ஸ்” என்று போட்டுவிட்டுப் போவார். அன்றோடு மிச்சம் முடிந்தது. கன்வேயரில் கார் எங்கே இருக்கிறது என்பதை வாசல் சென்சாரும், கன்வேயர் நகர்வதை எண்ணும் பல்ஸ் சுவிட்சும் கன்ட்ரோலருக்கு ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்தக் கணக்கிலிருந்து, கார் சேருவதற்குச் சில வினாடி முன்னதாகவே ஏற்றும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். வேகத்தை இறக்கும்போது அவசரப்படவே கூடாது. வேகமாக இறக்கினால் சுழலும் சக்கரத்தின் ஆற்றல் டிரைவுக்குள் திரும்பி வந்து, அதன் உள்ளே இருக்கும் டி.சி. (நேர்மின்) பக்கம் மின்னழுத்தம் ஏறி டிரைவ் ட்ரிப் ஆகும். அந்த ஆற்றலை வெப்பமாக்கித் தீர்க்கும் பிரேக் ரெசிஸ்டர் வாங்கச் சொல்வார்கள், தேவையில்லை. இறங்கும் நேரத்தை நீட்டினாலே போதும். அதேபோல் நிறுத்திய ப்ளோயர் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போது மறுபடி ஸ்டார்ட் கொடுத்தால், சுழலும் மோட்டாரை அதன் வேகத்திலேயே பிடித்துக்கொள்ளும் ‘ஃப்ளையிங் ஸ்டார்ட்’ வசதி இயக்கப்பட்டிருக்க வேண்டும். பல டிரைவ்களில் அது இருந்தும் தொழிற்சாலை செட்டிங்கில் அணைந்தே வரும்.

கார் அடியில் இருக்கும்போதும் வேகத்தைக் குறைக்கலாமா? இங்கே நிச்சயமும் சந்தேகமும் கலந்திருக்கிறது. 90 சதவீத வேகத்தில் சக்தி 73 சதவீதமாகிறது, இது நிச்சயம். காரின் மேல் காற்று தள்ளும் விசை 81 சதவீதமாகிறது, இதுவும் நிச்சயம். ஆனால் அந்த விசையில் உங்கள் கார்கள் போதுமான அளவு உலருமா என்பதை எந்த விதியும் சொல்லாது. நாசில் எவ்வளவு தூரத்தில், எந்தக் கோணத்தில் இருக்கிறது, கன்வேயர் எவ்வளவு வேகமாக இழுக்கிறது, கடைசி அலசலில் போடும் உலர்த்தும் திரவம் தண்ணீர்ப் படலத்தை முத்துகளாக உடைக்கிறதா என்பதையெல்லாம் பொறுத்தது அது. நாசிலிலிருந்து வெளிவரும் காற்று தூரம் போகப் போக வேகமிழக்கும் என்பதால், நாசிலைக் காருக்குச் சற்றுக் கிட்டே கொண்டுவந்து கோணத்தைச் சரிசெய்வது பல இடங்களில் டிரைவைவிட மலிவான முதல் படி. டிரைவ் வந்த பிறகு 2 ஹெர்ட்ஸ், 2 ஹெர்ட்ஸாக இறக்கி, பின்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் மடிப்பையும் பக்கக் கண்ணாடிகளின் அடியையும் விரலால் தடவிப் பாருங்கள். தண்ணீர் முதலில் அங்கேதான் தங்கும். எந்த இடத்தில் வித்தியாசம் தெரிகிறதோ அதற்கு ஒரு படி மேலே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர்மாறான ஆசையும் சிலருக்கு வரும். 50 ஹெர்ட்ஸ் மோட்டாரை 55க்கு ஏற்றினால் நன்றாகக் காயுமே என்று. வேகம் 10 சதவீதம் கூடினால் சக்தி 33 சதவீதம் கூடும், சக்கரத்தின் மேல் விழும் மையவிலக்குத் தகைவு 21 சதவீதம் கூடும். சக்கரம் தயாரித்தவர் எழுத்தில் அனுமதிக்காமல் அதைச் செய்யவே செய்யாதீர்கள். உடைந்த ப்ளோயர் சக்கரம் உறையைக் கிழித்துக்கொண்டு வரும், கீழே ஆள் உட்கார்ந்த கார் இருக்கும். குளிர்காலம் கடுமையான இடங்களில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, 0 டிகிரியில் 35 டிகிரியில் இருப்பதைவிடச் சுமார் 13 சதவீதம் அதிகம். அதே வேகத்தில் மோட்டார் சுமையும் அவ்வளவு கூடும். டிரைவில் கரன்ட் வரம்பு வைத்தால் இது தானாகச் சமாளிக்கப்படும்.

ப்ளோயரைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு, பில்லில் வராத ஒரு லாபத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. ஃபேன் சத்தம் வேகத்தோடு மிக வேகமாக இறங்கும். பாதி வேகத்தில் சுமார் 15 டெசிபெல், 80 சதவீத வேகத்தில் சுமார் 5 டெசிபெல் குறையும். நாள் முழுக்க அந்த முனையில் துணியோடு நிற்கும் ஊழியரின் காதுக்கு இது பெரிய விஷயம். மின்சாரக் கணக்கே ஒத்துவராத இடத்தில்கூட இதற்காக மட்டும் டிரைவ் மாட்டலாம் என்பது என் கருத்து.

அடுத்து உயர் அழுத்த பம்புகள். இவை ஃபேன் வகை அல்ல, பிஸ்டன் மாதிரி முன்னும் பின்னும் போய்த் தள்ளும் பிளஞ்சர் வகை. ஒரு சுற்றுக்கு இத்தனை தண்ணீர் என்று தள்ளியே தீரும், அழுத்தத்தைத் தீர்மானிப்பது எதிரே இருக்கும் நாசில். தேவையான சக்தியைக் கண்டுபிடிக்க, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதை பார் அழுத்தத்தால் பெருக்கி 600ஆல் வகுத்தால் கிலோவாட். 15 லிட்டர், 100 பார் என்றால் 2.5 கிலோவாட் தண்ணீரில். பம்ப், மோட்டார் இழப்புகளைச் சேர்த்தால் மீட்டரில் 3.3 கிலோவாட் அளவு. வாடிக்கையாளர் துப்பாக்கியின் விசையை விட்டுவிட்டுப் பின்சக்கரத்தைக் குனிந்து பார்க்கும்போது அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? பைப்பாஸ் வழியாகத் திரும்பி பம்புக்கே வருகிறது. அது எந்த வகை வால்வு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நல்ல அன்லோடர் வால்வு, விசையை விட்டதும் பம்பின் அழுத்தத்தை இறக்கிவிட்டுத் தண்ணீரைச் சும்மா சுற்றவிடும், மோட்டார் கரன்ட் நன்றாக இறங்கும். வெறும் அழுத்த ரிலீஃப் வால்வாக இருந்தால் முழு அழுத்தத்திலேயே தண்ணீரைப் பிதுக்கித் திருப்பி அனுப்பும், மோட்டார் முழுச் சுமையில் உழைத்துக்கொண்டே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவிகூட வேண்டாம். யாராவது விசையை விட்டபடி இரண்டு நிமிடம் நிற்கட்டும், நீங்கள் பைப்பாஸ் குழாயின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். வெந்நீர் ஓடாத லைனாக இருந்தும் கை சுடுகிறது என்றால், பயன்படாத மின்சாரம் அந்தக் குழாயில் வெப்பமாகப் போய்க்கொண்டிருக்கிறது. எச்சரிக்கையோடு தொடுங்கள், நேரம் நீண்டால் கொப்பளிக்கும் அளவுக்குக்கூடச் சூடேறும். கிளாம்ப் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. விசையை அழுத்தியபோது எத்தனை ஆம்பியர், விட்டபோது எத்தனை என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் டிரைவுக்கு நல்ல இடம். பாதிக்கும் கீழே இறங்கினால் அவசரமில்லை, ஒரு நல்ல வால்வும் சிறிது நேரம் கழித்து மோட்டாரை நிறுத்தும் டைமரும் முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும்.

பம்பில் டிரைவ் வைப்பதால் வரும் இன்னொரு நன்மை, சோப்புக்கும் மெழுகுக்கும் முழு அழுத்தம் தேவையில்லை என்பது. ஒரே நாசிலில் ஓட்டத்தை 70 சதவீதமாக இறக்கினால் அழுத்தம் 49 சதவீதம், சக்தி 34 சதவீதம். தண்ணீரும் 30 சதவீதம் மிச்சம். ஒரே பெரிய பம்ப் பல தடுப்புகளுக்குத் தண்ணீர் கொடுக்கிறது என்றால் கணக்கு வேறு. அங்கே அழுத்தத்தை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும், தடுப்புகள் காலியாகும்போது ஓட்டம் மட்டும் குறையும். சக்தி நேர்விகிதத்தில்தான் இறங்கும், மும்மடியெல்லாம் இல்லை. அதுவும் போதுமான லாபம்தான், ஆனால் விற்பவர் அதற்கும் மும்மடிக் கணக்கைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிளஞ்சர் பம்ப்களில் பல, உள்ளே இருக்கும் எண்ணெயை கிராங்க் அடித்துத் தெளிப்பதை நம்பித்தான் பேரிங்கை நனைக்கின்றன. மிக மெதுவாக ஓட்டினால் எண்ணெய் மேலே ஏறாது. பம்ப் கையேட்டில் குறைந்தபட்ச வேகம் போட்டிருக்கும், அதை டிரைவில் கீழ்வரம்பாகப் பதிந்துவிடுங்கள்.

பொது வாக்குவத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சென்சார் வைத்து உறிஞ்சும் அழுத்தத்தை மாறாமல் பிடித்துக்கொண்டு டிரைவால் வேகத்தை மாற்றுவார்கள். ஆனால் ஃபேன் மாதிரி சக்கரம் சுழலும் டர்பைன் வகையில் அழுத்தம் வேகத்தின் இருமடியைச் சார்ந்தது என்பதால், ஒரே ஒரு குழாய் திறந்திருந்தாலும் அந்த அழுத்தத்துக்காக வேகம் உயரமாகவே இருக்க வேண்டும், ரொம்ப இறங்காது. உண்மையான மிச்சம் வருவது யாருமே பயன்படுத்தாத நேரத்தில்தான். கொக்கியிலிருந்து குழாயை எடுத்ததும் விழித்துக்கொண்டு, எல்லாம் திரும்பி மாட்டப்பட்டதும் 20 ஹெர்ட்ஸுக்கு இறங்கும்படி செய்யுங்கள். உங்களுடையது ரீஜெனரேட்டிவ் ப்ளோயர் (காற்றை ஒரு வளையப் பாதையில் திரும்பத் திரும்பச் சுழற்றி அழுத்தும் வகை) என்றால் இன்னும் முக்கியம். அந்த வகையில் குழாய்கள் மூடப்பட்டால் சுமை குறையாது, ஏறும். ரிலீஃப் வால்வு வழியாக வெறும் காற்றை இழுத்துக்கொண்டு நாள் முழுக்க ஓடும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கன்வேயருக்கு டிரைவ் நல்லது, ஆனால் அது வேகத்தைக் கூட்டத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளவும் சங்கிலி குலுங்காமல் கிளம்பவும்தான், மின்சாரத்துக்காக அல்ல. பிரஷ் மோட்டார்கள் சிறியவை. டிரைவ் இருந்தால் அதன் கரன்டைப் பார்த்து பிரஷ் காரை எவ்வளவு அழுத்துகிறது என்று தெரிந்துகொள்ளலாம், பெயின்ட்டுக்கு நல்லது, பில்லில் தெரியாது. பிரஷ்களை எண்ணெய் அழுத்தத்தால் ஓட்டும் ஹைட்ராலிக் யூனிட் வைத்திருந்தால் அதை மட்டும் தனியாக அளந்து பாருங்கள். கார் இல்லாதபோதும் எண்ணெயைச் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய யூனிட்கள் நல்ல வேட்டைக்களம். கம்ப்ரசருக்கு வெளியிலிருந்து டிரைவ் வாங்கி மாட்டாதீர்கள். எண்ணெய், குளிர்விப்பு எல்லாம் அதன் சொந்த வேகத்துக்கு வடிவமைத்தவை. இரவில் எல்லாம் நின்ற பிறகு காற்றுத் தொட்டியின் அழுத்தம் எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று பார்த்துக் கசிவுகளை அடைப்பதே முதல் வேலை.

விலைப்பட்டியலோடு சொல்லப்படும் இரண்டு வாதங்களை நான் ஏற்பதில்லை. ஒன்று, ஸ்டார்ட்டிங் கரன்ட் குறைவதால் டிமாண்ட் கட்டணம் (நீங்கள் இழுத்த உச்ச கிலோவாட் அளவுக்கு விதிக்கும் கட்டணம்) குறையும் என்பது. டிமாண்ட் மீட்டர் வழக்கமாக 15 அல்லது 30 நிமிடச் சராசரியைத்தான் பதிகிறது. சில வினாடி உயரும் கரன்ட் அந்தச் சராசரியில் அநேகமாகக் காணாமல் போய்விடும். கார்களுக்கு நடுவே வேகம் இறங்குவதால் சராசரி குறைந்தால் டிமாண்டும் குறையும், ஆனால் அடுத்தடுத்து கார்கள் வரும் உச்ச அரைமணியில் அதுவும் நடக்காது. இரண்டாவது, பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரன்டில் எவ்வளவு பங்கு உண்மையில் வேலை செய்கிறது என்ற அளவு) சரியாகிவிடும் என்பது. ஒரு பாதி உண்மை. கரன்ட் மின்னழுத்தத்துக்குப் பின்தங்கும் கட்டப் பின்னடைவை டிரைவ் குறைக்கும், கூடவே ஐந்தாவது, ஏழாவது ஹார்மானிக்குகளை (சப்ளை ஹெர்ட்ஸின் ஐந்து, ஏழு மடங்கில் வரும் தேவையற்ற கரன்டுகளை) கொண்டுவரும். இவற்றைக் குறைக்கும் சோக் (கம்பிச் சுருள்) வைத்த டிரைவாக வாங்குங்கள். பவர் ஃபேக்டருக்காக ஏற்கெனவே கெப்பாசிட்டர் பேங்க் (கெப்பாசிட்டர்களின் தொகுப்பு) இருந்தால் எட்டு டிரைவ் மாட்டுவதற்கு முன் அதை ஒருவர் சரிபார்த்தே ஆக வேண்டும், இல்லையென்றால் கெப்பாசிட்டர்கள் வெடிக்கும் நிலைகூட வரலாம். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் கெப்பாசிட்டர் ஒருபோதும் இருக்கக்கூடாது.

கார் வாஷ் டிரைவுக்கு ஒத்துவராத சூழல் என்பதையும் மறக்காதீர்கள். ஈரமும், கார சோப்பின் ஆவியும், சக்கரம் கழுவும் அமிலத்தின் ஆவியும் சர்க்யூட் போர்டைத் தின்றுவிடும். முடிந்தால் டிரைவ்களைக் காய்ந்த தனி அறையில் வையுங்கள், போர்டுகளுக்குப் பூச்சு உள்ள மாடலைக் கேளுங்கள். அந்த அறைக்குக் காற்றோட்டமும் வேண்டும். 7.5 கிலோவாட் டிரைவ் ஒன்று சுமார் 225 வாட் வெப்பம் விடும், எட்டுக்கும் சேர்த்து 1.8 கிலோவாட். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதியாகும். தனி அறை என்றால் கேபிள் நீளும், அதற்கும் ஒரு விலை உண்டு. 400 வோல்ட் சப்ளையில் டிரைவின் டி.சி. பக்கம் சுமார் 565 வோல்ட், நீண்ட கேபிளின் மறுமுனையில் அது இரட்டித்து மோட்டார் வைண்டிங்கைத் தாக்கக்கூடும். பழைய மோட்டார், நீண்ட கேபிள் என்று இரண்டும் சேர்ந்தால் டிரைவுக்குப் பின்னால் ஃபில்டர் போடுங்கள், அல்லது டிரைவுக்கென்று செய்த மோட்டாராக மாற்றுங்கள். மனிதர்கள் ஈரக் கையோடு நிற்கும் இடம் என்பதால் மின்கசிவுப் பாதுகாப்பைச் சமரசம் செய்யவே முடியாது. மூன்று ஃபேஸ் டிரைவுக்கு, டி.சி. கசிவையும் கண்டுபிடிக்கும் ‘பி’ வகைக் கசிவு பிரேக்கர் வேண்டும். சாதாரண வகை, டிரைவின் கசிவால் காரணமில்லாமல் ட்ரிப் ஆகலாம், அதைவிட மோசமாக, ட்ரிப் ஆக வேண்டிய நேரத்தில் ஆகாமலும் போகலாம். அடிக்கடி ட்ரிப் ஆகிறதே என்று யாராவது பிரேக்கரைப் பைப்பாஸ் செய்ய வந்தால் அவரைப் பேனலைத் தொடவிடாதீர்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? ப்ளோயர்களுக்கு மட்டும் ஒரு தனி எனர்ஜி மீட்டரும், ஓடும் நேரத்தைப் பதியும் ஹவர் மீட்டரும் ஒரு வாரத்துக்கு வையுங்கள். கார் எண்ணிக்கை உங்கள் கன்ட்ரோலரில் ஏற்கெனவே இருக்கும். ஒரு கார் ப்ளோயருக்கு அடியில் எத்தனை வினாடி இருக்கிறது என்று ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். கார் எண்ணிக்கையை அந்த வினாடியால் பெருக்கினால் ப்ளோயர் உண்மையில் தேவைப்பட்ட நேரம் கிடைக்கும். ஹவர் மீட்டர் காட்டும் நேரத்துக்கும் இதற்கும் உள்ள இடைவெளிதான் டிரைவ் மிச்சம் பிடிக்கக்கூடிய மொத்தக் களம். இடைவெளி ஓடும் நேரத்தில் பாதிக்கு மேல் என்றால் ப்ளோயர்களுக்கு டிரைவ் வாங்குங்கள், நான் தயங்காமல் சொல்வேன். கால்பங்குக்கும் கீழே என்றால் கன்ட்ரோலரில் நேரங்களைச் சரிசெய்து பார்த்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். விற்பனையாளரிடம் ‘ஒரு காருக்கு எத்தனை யூனிட்’ என்ற கணக்கில் மிச்சத்தை எழுத்தில் கேளுங்கள், மாதப் பில்லை வைத்து அல்ல. மழைக்காலத்தில் கார்கள் குறைந்தால் பில் தானாகவே இறங்கும், அந்த இறக்கமும் டிரைவின் பெயரில் எழுதப்பட்டுவிடும்.